கழற்றாத ஃபியூஸ்

ரேணுகா டீச்சரிடம் கார் பழுது பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஈஸ்வரமூர்த்திதான் வயதில் மூத்தவர். டீச்சருக்கே அண்ணன் மாதிரி இருப்பார். ஆனாலும் சிஷ்யர் சிஷ்யர்தான்.

டீச்சருக்கென்று ஷெட் கிடையாது. “வண்டி எங்க படுத்திருக்கோ அங்கதான் கிளாஸ்” என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, கோயம்புத்தூரில் ஈஸ்வரமூர்த்தி குடியிருக்கும் அபார்ட்மெண்டின் தரைக்குக் கீழே இருக்கிற பார்க்கிங்கில். படுத்திருந்தது அவருடைய காரேதான்.

“பேட்டரில சார்ஜ் நிக்கவே மாட்டேங்குதுங்க டீச்சர். நாலஞ்சு நாள் எடுக்காம விட்டா செத்துருது. பழுது எங்கன்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க?”

“இதுவரைக்கும் எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“புது பேட்டரி போட்டேன். ஆல்டர்னேட்டர் மாத்தினேன். அப்புறம்…” பானட் அருகே கைகளைக் கட்டிக்கொண்டு நின்ற மகளைப் பார்த்தார். “இவகிட்ட இருந்து சாவிய வாங்கி வெச்சுக்கிட்டேன்.”

மகள் மிதுனா முதுகலை படிக்கிறாள். திங்கட்கிழமைகளில் ஆனைகட்டிப் பக்கம் கள ஆய்வு. வாரத்தில் அந்த ஒரு நாள்தான் கார் அவளுக்கு. மற்ற நாட்களில் அது பெரும்பாலும் சும்மாதான் நிற்கும். அடுத்த திங்கட்கிழமை அது ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், கடைசியாக ஓட்டியவள் அவள்தானே! விளக்கை அணைத்திருக்க மாட்டாள். பாட்டை நிறுத்தியிருக்க மாட்டாள். பொண்ணுங்க கையில் வண்டியைக் கொடுத்தால் இப்படித்தான். மகள்மேல் பழி போட மட்டும் அவருக்குக் கரண்ட் அளக்கும் மீட்டர் தேவைப்படவில்லை.

“சாவிய வாங்கினப்புறம் பேட்டரி நின்னுச்சுங்களா?” என்று கேட்டார் டீச்சர்.

“இல்லீங்க. போன வாரமும் செத்துப்போச்சு.”

“அப்ப?”

“முன்னாடியே எதையாச்சும் கெடுத்து வெச்சிருப்பாளுங்க.”

“கேட்டீங்களாக்கா?” மிதுனா டீச்சரிடம் வெடித்தாள். “தொடாமயே வண்டியக் கெடுக்கற வித்தை எனக்குத் தெரியுமாம். இதுக்கு டாக்டர் பட்டமே குடுக்கலாம்.”

“பாருங்க டீச்சர், வாய.”

“ரெண்டு வாரமா ஃபீல்டுக்குப் போகலப்பா நான். நாளைக்கும் வரலீன்னா புராஜெக்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு கைடு சொல்லிட்டாரு. அதுக்கு வாயத் திறக்காம என்ன பண்றது?”

டீச்சர் பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தார். “அவகிட்ட கேட்டது போதும் சார். வண்டிகிட்ட கேளுங்க.”

ஈஸ்வரமூர்த்திக்கு முறை தெரியும். எல்லாவற்றையும் அணைத்தார். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, அதன் பூட்டு நாக்கை ஸ்குரூ டிரைவரால் அழுத்தி, கதவு சாத்தியிருப்பதாகக் காரை நம்ப வைத்தார். பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி நடுவில் மீட்டரைக் கோத்தார். காருக்குள் எல்லாம் அடங்கி அது தூங்கட்டும் என்று காத்திருந்தார்கள்.

“இருநூத்தி எண்பது மில்லிஆம்ப்” என்று படித்தாள் மிதுனா.

“சும்மா கெடக்கற வண்டி அம்பதத் தாண்டக் கூடாது” என்றார் டீச்சர். “எதுவோ ஒண்ணு உக்காந்து குடிக்குது. ஒவ்வொரு ஃபியூஸாக் கழட்டுங்க. எதக் கழட்டுனா குறையுதோ அந்த வழியில இருக்கான் திருடன்.”

ஈஸ்வரமூர்த்தி டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தார். மகள் மீட்டரைப் பார்த்தாள்.

“விளக்கு!”

“அப்பிடியேதான் இருக்கு.”

“ரேடியோ!”

“அப்பிடியே.”

“ஹார்ன்!”

“அசையலப்பா.”

கழற்றுவதும் திரும்பச் சொருகுவதுமாக அவர் சட்டை நனைந்துவிட்டது. எழுந்து நின்றார்.

“எல்லாத்தையும் பாத்தாச்சுங்க டீச்சர். ஒண்ணுலயும் குறையல. மீட்டரு தப்புங்க.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும்.”

டீச்சர் குனிந்து பார்த்தார். “ஓரத்துல செகப்பா ஒண்ணு தனியா இருக்குதே. அத?”

ஈஸ்வரமூர்த்தி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “அதுல ஒண்ணும் வராதுங்க டீச்சர்.”

“எப்படித் தெரியும்?”

“அது நான் போட்டதுங்க.”

டீச்சர் நிமிர்ந்தார். “நீங்க மீட்டர்கிட்ட போங்க சார். மிதுனா, நீ இங்க வா. அந்தச் செகப்பக் கழட்டு.”

“அவளுக்குத் தெரியாதுங்க டீச்சர், எதையாச்சும் இழுத்து…”

“இழுக்கத்தான் சொல்றேன்.”

மிதுனா இழுத்தாள். சத்தமே இல்லாமல் வந்தது.

“சார், மீட்டர் என்ன காட்டுது?”

பானட்டுக்குப் பின்னால் அவர் மீட்டரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

“சார்.”

“முப்பதுங்க” என்றது குரல்.

மிதுனா அந்த ஃபியூஸிலிருந்து போன ஒயரை விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஸ்டியரிங்குக்குக் கீழே, உள்ளே தள்ளி, கறுப்பு டேப் சுற்றித் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி.

“அப்பா, இது என்ன?”

“ஜிபிஎஸ்” என்று முந்திக்கொண்டார் டீச்சர். “வண்டி எங்க போகுது, எங்க நிக்குதுன்னு செல்போனுக்குச் சொல்லும். இந்தப் பள்ளத்துல டவர் கெடைக்காது. கெடைக்கற வரைக்கும் தேடிக்கிட்டே இருக்கும். அதுதான் பேட்டரியக் குடிச்சிருக்கு.”

“பாதுகாப்புக்குத்தான் கண்ணு” என்றார் ஈஸ்வரமூர்த்தி. “காலம் கெட்டுக் கெடக்குது. காட்டுப் பக்கம் வேற போற…”

“பாதுகாப்புன்னா எங்கிட்டச் சொல்லிட்டு வெச்சிருக்கலாமே. டேப் சுத்தி ஒளிச்சு வெக்கறது என்ன பாதுகாப்பு?” அவள் குரல் தூண்களில் மோதித் திரும்பியது. “அன்னிக்கு வடவள்ளி பேக்கரில நின்னுட்டு வந்தேன். படியேறி வரதுக்குள்ள, பப்ஸ் சூடா இருந்துச்சான்னு கேட்டீங்க. ஞாபகம் இருக்குதாப்பா? எங்கப்பாவுக்கு எப்பேர்ப்பட்ட மூக்குன்னு கிளாஸ் பூரா பெருமை பேசுனேன் நான்!”

அவர் கைக்குட்டையை மடித்துப் பாக்கெட்டில் வைத்தார்.

“உங்க பெட்டி குடிச்சதுக்கு எஞ்சாவியப் புடுங்குனீங்க. ரெண்டு வாரம் என்னய வீட்டுல உக்கார வெச்சீங்க. பொண்ணுங்க கையில வண்டியக் குடுத்தா இப்படித்தான்னு பக்கத்து வீட்டு மாமா வரைக்கும் சொன்னீங்க. அவர்கிட்ட இதையும் போய்ச் சொல்லுவீங்களா?”

ஈஸ்வரமூர்த்தி பேண்ட் பாக்கெட்டிலிருந்து சாவியை எடுத்தார். “சரி, விடு. அதான் கண்டுபிடிச்சாச்சுல்ல. இந்தா. நாளைக்கு நீயே எடுத்துட்டுப் போ.”

“நீங்களே வெச்சுக்கங்க. சாயங்காலமே பஸ் ஏறி ஆனைகட்டில ஃப்ரெண்டு ரூம்ல தங்கிக்கறேன். பஸ்ல போனா, எங்க இறங்கறேன்னு கண்டக்டருக்கு மட்டும்தான் தெரியும்.”

அவள் படியேறிப் போனாள். செருப்புச் சத்தம் ஒவ்வொரு மாடியாக மேலே போய்த் தேய்ந்தது.

டீச்சர் மீட்டரைக் கழற்றினார். நெகட்டிவ் முனையை மாட்டி நட்டை இறுக்கினார். அந்தப் பெட்டியையும் ஒயரையும் எடுத்து அவர் கையில் வைத்தார். வைத்த விதத்தில் கொஞ்சம் வேகம் இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி ஒரு கையில் சாவியும் ஒரு கையில் பெட்டியுமாக நின்றார். படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

“டீச்சர், இதுலயே தனி பேட்டரி வெச்ச மாடல் ஒண்ணு இருக்குதுங்களாமே? வண்டில இருந்து கரண்டே எடுக்காதாம். அத மாட்டுனா ஒண்ணும் ஆகாதில்லீங்க?”

ரேணுகா டீச்சர் பானட்டை ஓங்கிச் சாத்தினார்.

“காருக்கா?” என்றார். “காருக்கு ஒண்ணும் ஆகாது.”