கடல் தன் முகம் பார்த்த கதை

அந்தக் காலத்தில், மரமும் கடலும் வாய் திறந்து பேசிய நாளில், ஜப்பான் நாட்டுக் கரையோரத்தில் சயோ என்று ஒருத்தி இருந்தாள். பலகையில் படம் செதுக்கி, சாயம் தடவி, தாளை வைத்துத் தேய்த்து அச்செடுப்பது அவள் வேலை. புருஷன் கென்சோ மீன் பிடிக்கப் போவான்.

ஒருநாள் கடலுக்குக் கோபம் வந்தது. "நிலாவிலிருந்து நண்டுவரை எல்லாரும் என் தண்ணீரில் முகம் பார்க்கிறீர்கள். என் முகத்தை நான் எதில் பார்க்க? அதைக் காட்டுகிறவரை ஒரு படகும் கரை சேராது" என்று அலையை மதில் மாதிரி எழுப்பி நிறுத்தியது. கென்சோவின் படகு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது.

சயோ கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். வழவழவென்று இழைத்த பலகையில் கடலைச் செதுக்கி, நீலம் தடவி, அச்செடுத்துக் கொண்டுபோய்க் காட்டினாள்.

"இதுவா நான்? சாயம் போன பாவாடையைக் காயப்போட்ட மாதிரி இருக்கிறதே! உயிரே இல்லை, போ." அலை இன்னும் உயர்ந்தது.

சயோ அழுதுகொண்டே மலையேறினாள். உச்சியில் ஒரு செர்ரி மரம். அதனடியில்தான் அவளுக்குக் கல்யாணம் நடந்தது. கிளை முழுக்க மொட்டு.

"அழாதே, பெண்ணே" என்றது மரம். "பிறந்ததிலிருந்து கடலைத்தான் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். பார்த்ததெல்லாம் வருஷத்துக்கொரு வரியாக எனக்குள்ளே இருக்கிறது. என்னை வெட்டு."

"மொட்டு விட்டிருக்கிறாயே, அக்கா! பூத்து முடியட்டும்."

"நான் பூக்கிறவரை உன் புருஷன் தாங்குவானா?"

சயோ கீழே போய்க் கோடாலியோடு திரும்பினாள். ஒவ்வொரு வெட்டுக்கும் மொட்டுகள் அவள் தலையிலும், முதுகில் தூங்கிய குழந்தைமேலும் உதிர்ந்தன.

ஈரம் காயாத பச்சை மரத்தில் யாரும் செதுக்க மாட்டார்கள். அவள் அதிலேயே பலகை அறுத்துச் செதுக்கினாள். கரை, பாறை எல்லாவற்றுக்கும் உளி வைத்தாள். கடலுக்குரிய இடத்தை மட்டும் தொடவில்லை. நீலம் தடவித் தாளை விரித்து, உடம்பில் இருந்த பலத்தையெல்லாம் போட்டுத் தேய்த்தாள். தாளை உரித்தபோது, நீலத்துக்குள் மரத்தின் வரிகள் சிற்றலைகளாக ஓடின.

கொண்டுபோய்க் காட்டியதும் கடல் வெகுநேரம் பார்த்தது. "நான் இவ்வளவு அழகா?" என்று மெல்லக் கேட்டது. அலை தானாகத் தணிந்தது.

கென்சோ கரையேறினான். குழந்தையை வாங்கிக்கொண்டு மலையை நிமிர்ந்து பார்த்தான்.

"மரம் எங்கே, சயோ?"

அவள் நீலம் படிந்த கைகளை விரித்துக் காட்டினாள். அந்த வசந்தத்தில் மலையில் பூ இல்லை.

அன்று முதல்தான் கடற்கரைப் படம் அச்சிடுகிறவர்கள் மலைச் செர்ரிப் பலகையைத் தேடி எடுக்கிறார்கள். கடல் வரும் இடத்தில் உளி வைக்காமல், அழுத்தித் தேய்த்து, அந்த மரம் பார்த்த கடலைத் தாளில் வரவிடுகிறார்கள்.