முதலாளி ஜீப் மலையேறிய விதம்

ஏலக்காய் எஸ்டேட் முதலாளி குழந்தைவேலுவின் குட்டி ஜீப், கோயில் மேட்டில் பாதியிலேயே திணறி நின்றது. பின்னால் நடந்து வந்த திருவிழாக் கூட்டம் வாயைப் பொத்திச் சிரித்தது.

முதலாளிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தனக்குச் சொந்தமான இடத்தில் பஞ்சர் கடை போட்டிருந்த சடைச்சியைக் கூப்பிட்டார்.

"எஞ்சினைத் தொடக்கூடாது, புதுசா எதுவும் மாட்டக்கூடாது. இப்பவே வண்டிக்குப் பவர் ஏத்து. ஏத்திட்டா கடை உனக்கே சொந்தம். இல்லேன்னா இன்னிக்கே காலி பண்ணு!"

"ஊரே சாட்சி. உக்காருங்க ஐயா," என்றாள் சடைச்சி.

ஜீப்பைக் கீழே இறக்கித் திருப்பி, ரிவர்ஸ் கியரைப் போட்டாள். அந்த வண்டியில் முதல் கியரைவிட அதற்குத்தான் இழுவை அதிகம். ஜீப் உறுமிக்கொண்டு பின்பக்கமாகவே மேடேறியது.

"ஏய், மூஞ்சி கீழே பாத்துல்ல இருக்கு!" என்று முதலாளி கத்தினார்.

"பவர்தானே கேட்டீங்க? மூஞ்சி எந்தப் பக்கம் இருக்கணும்னு சொல்லலியே!"

கூட்டம் விசிலடித்தது. இத்தனை வருஷம் ஊருக்கு முதுகைக் காட்டியே மலையேறியவர், அன்று கும்பிட்டவர்களுக்கெல்லாம் பதில் கும்பிடு போட்டுக் கை ஓய்ந்தார்.

சொந்தக் கடைக்காரி சடைச்சி மட்டும் தலையைத் திருப்பி, கோபுரத்தைப் பார்த்தபடியே ஓட்டினாள்.