ஒரு பானை ஃபெசெஞ்சானும் மூன்று கைகளும்

குழம்பு ஒன்று, அதற்கு உரிமை கேட்டு வந்த கைகள் மூன்று. வழக்கைக் கேட்டுவிட்டுத் தீர்ப்பை நீங்களே சொல்லுங்கள்.

பாரசீக நாட்டில், இஸ்ஃபஹான் நகரத்துச் சத்திரம் ஒன்றில் தலைமைச் சமையற்காரர் இறந்துபோனார். அந்த இடத்துக்கு இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவன் உள்ளூர்க்காரன் யதுல்லா. இன்னொருத்தி வடக்கே ரஷ்த் நகரத்து மாஹ்ருக். ஒட்டகம் ஓட்டிய கணவனை வழிப்பயணத்தில் பறிகொடுத்தவள். வேலை கிடைக்காவிட்டால் மகளோடு கொழுந்தன் வீட்டுக்குத் திரும்ப வேண்டும். அங்கே சோறு உண்டு, மரியாதை கிடையாது. என்ன ஆனாலும் அந்த வாசலை மிதிப்பதில்லை என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

சத்திரத்தை நடத்திய ஹாஜியார் ஒரு நிபந்தனை வைத்தார். வெள்ளிக்கிழமை ரஷ்த்திலிருந்து ஒரு பட்டு வியாபாரி வருகிறார். இருவரும் ஃபெசெஞ்சான் சமைக்க வேண்டும். எந்தப் பானையிலிருந்து அவர் இரண்டாம் முறை கேட்கிறாரோ, அதைச் சமைத்தவருக்கே சமையற்கட்டு.

அரைத்த அக்ரூட்டும் மாதுளைச் சாறும் சேர்த்து, எண்ணெய் பிரியும்வரை மணிக்கணக்கில் கொதிக்க வைக்கும் குழம்புதான் ஃபெசெஞ்சான். ரஷ்த்தில் அது வாத்துக்கறியோடு, சுள்ளென்ற புளிப்பாக, கன்னங்கரேலென்று இருக்கும். யதுல்லாவுக்கோ அது இனித்தால்தான் குழம்பு. மாஹ்ருக் முதல் நாளே எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டாள்: "என் பானையில சர்க்கரை விழுந்தா அது என் பானையே இல்ல."

வெள்ளிக்கிழமை விடியலிலேயே அடுப்பு மூட்டினாள். நிறம் கறுக்க, அவள் ஊர் வழக்கப்படி பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் குழம்பில் போட வேண்டும். குதிரை லாடம் ஒன்றைத் தேய்த்துக் கழுவி எடுத்துக்கொண்டு எதிரே இருந்த கொல்லனிடம் போனாள். அந்த நேரம் பார்த்து யதுல்லா அவள் பானையில் இரண்டு கை சர்க்கரையை அள்ளிக் கொட்டினான். பாத்திரம் தேய்க்கும் சஃபியா அதைப் பார்த்துவிட்டாள். அவனை எதிர்த்துப் பேசப் பயம். அவன் நகர்ந்ததும் நான்கு நாரத்தங்காயைப் பிழிந்து ஊற்றி, ருசி பார்த்து, திருப்தியாகத் தலையாட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டாள்.

மாஹ்ருக் இடுக்கியில் லாடத்தோடு ஓடி வந்தாள். சொய்யென்ற சத்தத்தோடு குழம்பு கறுத்தது. ருசி பார்க்கக் குனிவதற்குள் விருந்தினர் உட்கார்ந்துவிட்டார் என்று பானையைத் தூக்கிப் போய்விட்டார்கள்.

வியாபாரி யதுல்லாவின் கிண்ணத்தை ஒரு வாயோடு ஒதுக்கினார். மாஹ்ருக்கின் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டார். "இது எங்க ஊர் ருசியும் இல்ல, உங்க ஊர் ருசியும் இல்ல. இன்னும் கொஞ்சம் போடுங்க!"

ஹாஜியார் சமையற்கட்டுச் சாவியை மாஹ்ருக் கையில் கொடுத்தார். வியாபாரி சொன்னது அவளுக்கு உறுத்தியது. பானையை விரலால் வழித்து நாக்கில் வைத்தாள். புளிப்புக்கு அடியில் இனிப்பு. மகள் எதிரே சிரித்துக்கொண்டு நிற்கிறாள். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனாலும் மாஹ்ருக் சாவியைக் கீழே வைத்தாள். "ஹாஜியாரே, இதுல யாரோ சர்க்கரை போட்டிருக்காங்க. இது நான் சமைச்ச ருசி இல்ல."

யதுல்லா முந்திக்கொண்டான். "போட்டது நான்தான்! சர்க்கரை விழுந்தா அவ பானை இல்லன்னு அவளே சொன்னா. அப்போ ஜெயிச்சது என் கை."

சஃபியாவுக்கும் இப்போது துணிச்சல் வந்தது. "நான் நாரத்தங்காய் பிழியலேன்னா அதை யாரும் தொட்டிருக்க மாட்டாங்க. ருசியைக் காப்பாத்தினது நான்."

சமைத்தவள், சர்க்கரை போட்டவன், சரிக்கட்டியவள். இந்த மூவரில் சாவி யாருக்குச் சேர வேண்டும்?

விடை: வியாபாரி முகம் சுளித்திருந்தால், யதுல்லா சர்க்கரையைப் பற்றி மூச்சு விட்டிருப்பானா? கெடுக்கப் போட்டவன், ருசித்த பிறகு உரிமை கொண்டாட முடியாது. சஃபியாவின் நாக்கு நல்ல நாக்கு. ஆனால் நடந்ததை மறைத்துவிட்டாள். சத்திரத்துக்கு வருகிறவன் முன்பின் தெரியாத ஒருவர் சமைத்ததை நம்பித்தான் வாயில் வைக்கிறான். தனக்கே நஷ்டம் என்றாலும் பானைக்குள் இருப்பதை உள்ளபடி சொல்கிறவளிடம்தான் சமையற்கட்டை ஒப்படைக்க முடியும். ஹாஜியார் சாவியை மறுபடியும் மாஹ்ருக் கையில் வைத்தார். அவள் அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள். "சஃபியா, நாளையிலிருந்து நீ அடுப்புக்கு வா. ஆனா எதைப் பார்த்தாலும் என்கிட்ட சொல்லிடணும்."