பாலம் கட்டியவரின் கார்

சேலத்தில் ஒரு தெருமுனையில் தள்ளுவண்டி வைத்து இஸ்திரி போடுகிறவள் பவுனம்மாள். எதிர்வீட்டில் தனியாக இருப்பவர் ஓய்வுபெற்ற தலைமைப் பொறியாளர் நமச்சிவாயம். நாலு வருஷமாக அவர் துணியைத் தேய்க்கிறாள். ஒருநாளும் அவர் அவள் முகம் பார்த்துப் பேசியதில்லை.

ஒரு காலையில் அவருடைய கார் ரிமோட்டுக்குத் திறக்கவில்லை. சாவியைச் செருகித் திறந்து, உள்ளே ஸ்டார்ட் பொத்தானை அழுத்தினால் ஸ்டார்ட்டும் ஆகவில்லை. "அவசரமா போகணும்" என்று பானட்டைத் தூக்கிவைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சத்தம் போட்டார்.

"நான் பார்க்கட்டுங்களா ஐயா?" என்றாள் பவுனம்மாள்.

"பாலம் கட்டினவன் நான், எனக்கே பிடிபடல. கார்ல கை வைக்காம சரிபண்ண முடியும்னா பண்ணு."

"சரிங்க. வீட்ல எடை பார்க்கிற மெஷின் இருந்தா கொண்டாங்க."

அவர் கொண்டுவந்த மெஷினிலிருந்த காசு மாதிரி பேட்டரியைக் கழற்றி, சாவிக்குள் மாற்றிக் கொடுத்தாள். அவர் அழுத்தினார். நாலு கதவின் பூட்டும் டக்கென்று திறந்தன, ஸ்டார்ட் பொத்தானை அழுத்தியதும் வண்டியும் உறுமியது.

"எப்படித் தெரிஞ்சுது?"

"நீங்க அழுத்தறப்ப சாவியில விளக்கு எரியலைங்க. சாவி பேட்டரிதான் தீர்ந்துபோச்சு, கார்ல கோளாறே இல்ல."

அவர் முகம் சிறுத்துப்போனது.

"அவசரம்னீங்களே, கிளம்பலைங்களா?"

அவர் ஸ்டியரிங்கையே பார்த்தார். "போறதுக்கு இடம் ஒண்ணுமில்லம்மா. கனடாவுல இருக்கிற மகன் வாங்கிக் கொடுத்தது. வாரம் ஒருதடவை சும்மா சுத்திட்டு வருவேன்."

விடிந்ததிலிருந்து தானும் இவரைத் தவிர யாரிடமும் பேசவில்லை என்பது பவுனம்மாளுக்கு உறைத்தது. தேய்த்த துணி மூட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ஏழு வீட்டுக்குக் கொடுக்கணுங்க. நடந்தா மத்தியானம் ஆயிடும்."

நமச்சிவாயம் இறங்கிவந்து பின்கதவைத் திறந்துவிட்டார்.

"முதல்ல எந்த வீடு?"