ஊசி தாங்கிய திருமார்பு

காலையில் பட்டறையைக் கூட்டிப் பெருக்குவார். பிறகு நாள் முழுக்கச் சட்டைகளுக்குப் பட்டன் தைப்பார். ஜப்பானில் கொஜிமா என்னும் கடலோர ஊரில், மிசுஹோ அம்மையாரின் சின்னஞ்சிறு பட்டறையில் சென்னிமலைச் சென்னியப்பருக்கு வாய்த்த பணி அதுதான். அவருடைய தையல் மிஷின்மேல், சந்தனக் கட்டையில் செதுக்கிய விரலளவு முருகன் நின்றிருந்தார். அன்றன்று விழும் முதல் வெட்டுத்துணியில் சாமிக்கு வேட்டி கட்டிவிட்ட பிறகே சென்னியப்பர் ஊசியில் நூல் கோப்பார்.

திருப்பூரிலிருந்து வந்து அங்கே மேற்பார்வை பார்த்த தனசேகருக்கு இது கண்ணில் விழுந்த தூசியாக உறுத்தியது. "ஏனுங்ணா, நம்மூர்ல சாமிக்குத் துணி பஞ்சமுங்களா? இங்க வந்து கட்டியுடறீங்க!" என்பார். மற்றவர்களும் சிரிப்பார்கள். தமிழ் ஒரு சொல் தெரியாதவர்களுக்கும் கேலி மட்டும் எப்படித்தான் புரிந்துவிடுகிறதோ! சென்னியப்பரும் சேர்ந்து சிரித்துவிட்டுக் குனிந்துகொள்வார்.

மிசுஹோ ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு மாதிரிச் சட்டைதான் செய்வார். காகிதத்தில் வரைந்து, முதலில் காடாத்துணியில் தைத்து, அதைத் தாமே போட்டுக்கொண்டு சமைப்பார், சைக்கிள் ஓட்டுவார். உடம்பை இறுக்கிப் பிடிக்கிற இடத்தைத் திருத்தி மறுபடி வரைவார். அதன்பிறகே பழைய தறியில் மெல்ல நெய்த துணியை வெட்டுவார். ஆகவே ஒரு பருவத்துச் சட்டைகள் போனால் பட்டறையே போயிற்று. அங்கே ஒரு கண்டிப்பும் உண்டு. ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்துக் காகிதத்தில் ஒட்டிக் காட்டவேண்டும். ஒரு துணுக்குக் குறைந்தாலும் சுற்றியிருந்த சட்டை எதுவும் வாசல் தாண்டாது.

தைத்து முடிந்த அத்தனை சட்டைகளும் பட்டனுக்காகச் சென்னியப்பரைச் சுற்றிக் குவிந்திருந்த நாளில் அவருடைய மிஷின் ஊசி உடைந்து தெறித்தது. முனை மட்டும் கிடைக்கவில்லை.

"பழைய ஊசி ஒண்ணோட முனைய ஒடச்சு ஒட்டிப்போடுங்ணா. ஆருக்குத் தெரியப்போவுது?" என்றார் தனசேகர்.

"போட்டுக்கறவங்க கழுத்துல குத்துமுங்க" என்ற சென்னியப்பர், நேரே போய் மிசுஹோவிடம் உண்மையைச் சொன்னார்.

சட்டைகள் ஒவ்வொன்றாக ஊசி கண்டுபிடிக்கும் கருவிக்குள் போய் வந்தன. மணி ஒலிக்கவில்லை. தரையைக் காந்தத்தால் துழாவினார்கள். அங்கும் இல்லை. முனை கண்ணில் படாதவரை கருவியை மட்டும் நம்ப மாட்டேன், எல்லாவற்றையும் அழித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார் மிசுஹோ. நேற்றுவரை சிரித்தவர்கள் இப்போது சென்னியப்பரை முறைத்தார்கள். அவர் பக்கத்தில் நிற்கவே ஒருவருக்கும் மனமில்லை.

"உம்பட நேர்மையில எல்லாரும் தெருவுக்கு வரப்போறோம்!" தனசேகர் மரியாதையை விட்டுவிட்டுக் கத்தினார். "எல்லாத்தையும் போட்டுப் பாத்தாச்சு. உம்பட சாமிய மட்டும் எதுக்கு விடோணும்?" முருகனை வெடுக்கென்று பிடுங்கிக் கருவிக்குள் எறிந்தார்.

மணி ஒலித்தது.

மிசுஹோ அந்தச் சிறு வேட்டியை அவிழ்த்தார். மார்புவரை ஏற்றிக் கட்டியிருந்த துணியைத் துளைத்து, சந்தன மார்பில் ஊசிமுனை தைத்து நின்றது. உடைந்த துண்டோடு வைத்துப் பார்த்தார். இம்மியும் பிசகாமல் பொருந்தியது. சட்டைகள் பிழைத்தன.

எல்லாரும் சென்னியப்பரைப் பார்த்தார்கள். பட்டறை தப்பியது அவர் நினைவிலேயே இல்லை. சாமியைக் கையில் வாங்கி, அந்தத் துளையைக் கட்டைவிரலால் தடவி, குழந்தையிடம் கேட்பதுபோல் கேட்டார்:

"வலிச்சுதுங்களா, சாமி?"

தனசேகர் தலை கவிழ்ந்தார். மறுநாள் வெட்டிய முதல் துணியைச் சாமிக்காக இரு கையாலும் ஏந்தி வந்தவர் அவரே.

எவர் கழுத்திலோ குத்துமே என்று அஞ்சியவருக்காகத் தன் மார்பைக் கொடுத்தான் வேலன். அந்தச் சென்னியப்பரின் பாதம் பட்ட தரையும் நமக்குக் கோயிலே.