கல்லோடு கட்டிய காளை

செக்காட்டும் காத்தாயிக்கு இருந்தது ஒரே ஒரு காளை. அது தன்னுடையது என்று பண்ணையார் நல்லமுத்து வழக்குப் போட்டார். பக்கத்து வீட்டு இருளப்பனின் எல்லைக்கல் பற்றியும் அவர் இன்னொரு வழக்குப் போட்டிருந்தார். நியாயாதிபதி அகோரமூர்த்தி பண்ணையார் வீட்டில் விருந்து சாப்பிடுகிறவர். அவர் இரண்டு வழக்கையும் ஒன்றாகச் சேர்த்து, காளைக்கு மட்டும் முதலில், அது பண்ணையாருக்கே என்று தீர்ப்புச் சொன்னார்.

“நான் ராஜாகிட்ட மேல்முறையீடு செய்யறேன் சாமி,” என்றாள் காத்தாயி.

“முடியாது. ரெண்டும் இப்போ ஒரே வழக்கு. கல்லு வழக்கு முடிய மூணு வருஷம் ஆகும். அப்புறம் போ.”

“அதுவரைக்கும் காளை?”

“நாளைக்கே ஒப்படைக்கணும்.”

காத்தாயி கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காளையைப் பிடிக்க ஆட்களோடும் குமாஸ்தாவோடும் நியாயாதிபதியே வந்தார். காத்தாயி காளையை இருளப்பனின் எல்லைக்கல்லில் கட்டியிருந்தாள்.

“கயித்தை அவுக்காதீங்க சாமி! ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்தது உங்க உத்தரவு. காளை போனா கல்லும் கூடவே போகணும். கல்லுக்குத்தான் இன்னும் தீர்ப்பு வரலையே!”

ஊரே சிரித்தது. அகோரமூர்த்தி கொதித்துப்போனார்.

“முட்டாளே! கல்லு வழக்கு வேற, காளை வழக்கு வேற! காளை வழக்கு நேத்தே முடிஞ்சுபோச்சு!”

“எழுதிக்கிட்டீங்களா குமாஸ்தா ஐயா? முடிஞ்ச வழக்குன்னா மேல்முறையீடு உண்டுல்ல?”

குமாஸ்தா நாக்கைக் கடித்துக்கொண்டார். நியாயாதிபதி சொன்னதை அவர் அப்படியே ஓலையில் எழுதி முடித்திருந்தார்.

அந்த ஓலையோடு காத்தாயி அரண்மனைக்குப் போனாள். ராஜா பண்ணையாரையும் காளையையும் வரவழைத்து, இருவரையும் காளையைக் கூப்பிடச் சொன்னார். பண்ணையார் தொண்டை கட்டும்வரை கத்தினார். அது வாலைக்கூட ஆட்டவில்லை. காத்தாயி லேசாக இருமினாள். காளை ஓடிவந்து அவள் தோளை நக்கியது.