ஆறினதைத் தொடாத வேர்ப்புழு

அந்தக் காலத்தில், புழு பூச்சிக்கெல்லாம் வாய்ப்பேச்சு இருந்தபோது, வேர்ப்புழு வெயில் பனி பார்க்காது. வருஷம் முழுக்க ஒரே மாதிரி தின்னும்.

பாவாத்தாள் மேட்டுக்காட்டில் கொள்ளு விதைத்திருந்தாள். வீட்டில் மிஞ்சிக் கிடந்த கடைசி விதை. விளையாவிட்டால் அண்ணன் வீட்டு வாசலில் முறத்தோடு நிற்க வேண்டும். அதற்கு உயிரை விடலாம் என்று நினைக்கிறவள் அவள். மானத்தில் அவளை மிஞ்ச அந்தச் சீமையில் ஆள் கிடையாது.

மார்கழிப் பனியில் செடிகள் திட்டுத்திட்டாக வாடின. தோண்டிப் பார்த்தால், வேரைக் கடித்தபடி கொழுகொழுவென்று ஒரு புழு.

"நசுக்கிப் போடு புள்ள!" என்றான் புருஷன் செங்கோடன்.

பாவாத்தாள் களைக்கொத்தை ஓங்கினாள்.

"பசிக்குது ஆத்தா" என்றது புழு.

ஓங்கிய கை நின்றுவிட்டது. "ஏனுங்க, பசின்னு சொன்ன வாயை அடிச்சா நம்ம குடி வெளங்குமா?" என்று புழுவை வீட்டுக்கே கொண்டுபோனாள்.

பானையில் பழைய கூழ் கிடந்தது. அதை ஊற்றியிருக்கலாம். எதிரியே ஆனாலும் வாசலேறி வந்தவனுக்குப் பாவாத்தாள் ஆறினதைப் போடுவாளா? இருந்த ஒரு பிடி மாவையும் வழித்துப் போட்டுக் களி கிண்டி, ஆவி பறக்க வைத்தாள். செங்கோடன் தலையில் அடித்துக்கொண்டான்.

புழு அதன் ஜென்மத்தில் முதல்முறையாகச் சூடாகத் தின்றது. காட்டுக்குத் திரும்பி வேரைக் கடித்தால், பனியில் சில்லிட்டுக் கிடந்தது வேர். "தூ!" என்று துப்பிவிட்டு மறுபடி ஊர்ந்து வந்தது.

"இன்னொரு வாய் சூடாப் போடு ஆத்தா. ஆறினது தொண்டையில எறங்க மாட்டேங்குது."

"விருந்து ஒரு வேளைதான் சாமி. சூடுதான் வேணும்னா மண்ணு சூடேறட்டும், அப்ப வா. காட்டுல மிச்சமிருந்தாத் தின்னுக்கோ."

புழுவுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இனி ஆறினதைத் தொடுவதில்லை என்று சபதம் போட்டது. தன் சாதிசனத்திடம் களியின் ருசியை அளந்துவிட்டு, எல்லாரையும் கூட்டிக்கொண்டு மண்ணுக்கடியில் போய்ச் சுருண்டு படுத்தது.

கொள்ளு காய்த்துக் குலுங்கியது. மண் சூடேறுமுன் அறுத்து அடித்துவிட்டு, தலைச்சுமையாக ஒரு கூடைக் கொள்ளோடு அண்ணன் வீட்டுக்குப் போனாள் பாவாத்தாள்.

"வாங்கிக்கோ அண்ணா. புழுவுக்கே விருந்து வெச்ச வீட்டுக் கொள்ளு இது."

அன்று முதல்தான் மண் சூடேறினால் வேர்ப்புழு ஆலாய்ப் பறந்து தின்கிறது. வாடை வீசினாலோ, பாவாத்தாள் வீட்டுக் களியை நினைத்தபடி வாயைக் கட்டிக்கொண்டு ஆழத்தில் கிடக்கிறது.